தில்லியோடு சேர்வதா, யானையோடு இருப்பதா

அந்த மாதத்து நாட்குறிப்பைப் புரட்டினால் யானையைவிடத் தில்லிதான் அதிகம் வருகிறது. என் நாட்குறிப்பில் இது வழக்கமில்லை. யானை வந்த நேரம், நின்ற இடம், போன திசை மூன்றையும் தினமும் எழுதிவைப்பவன் நான். மலையாள தேசத்துப் பள்ளிவாசல் என்ற மலையூரின் மின்நிலையத்தில் மணிக்கொரு தரம் அளவுகளைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. அந்தப் பழக்கம் சித்திரபுரம் குடியிருப்பில் உள்ள என் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

என் மகன் படிக்கும் பள்ளியில் அரசு விதிப்படி ஒரு பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகம், உண்டு. அது வேறு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நாங்களாகவே வைத்திருப்பது இன்னொன்று. அதற்குப் பெயர்கூடச் சரியாக இல்லை, ‘சங்கம்’ என்போம். சங்கத்துக்கு ஒரே ஒரு வேலை. பள்ளி விட்டதும் பிள்ளைகளைத் தேயிலைக் காட்டு வளைவைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய் லயங்களில் விடுவது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்குமே, அதுதான் லயம். மாலை மூன்றரைக்கு மேல் அந்த வளைவில் யானை இறங்கும். ஒரு பெற்றோர் முன்னால் போய் வளைவில் நின்று பார்ப்பார். கையைத் தூக்கினால் பிள்ளைகள் வரலாம். தூக்காவிட்டால் பள்ளி வாசலிலேயே நிற்க வேண்டும். இன்னொருவர் வரிசையின் பின்னால் வருவார். யார் எந்த நாள் என்ற முறைத்தாளை எழுதுவது நான்.

வளைவு தாண்டியதும் கீழ் லயங்கள். அங்கே பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். அதற்கு மேலே தேயிலைக்குள் அரை கிலோமீட்டர் நடந்தால் கடைசி லயம். போன வருடம்வரை அங்கிருந்து நான்கு பிள்ளைகள் சேர்ந்து போய்வந்தார்கள். ஜூனில் ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போனது, பின்னாலேயே இன்னொன்றும் போனது. மிஞ்சியது நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் அம்மா கொழுந்து எடுப்பவர். எடை போட்டு முடிய ஐந்து மணி ஆகும். அப்பா இல்லை. அந்த அரை கிலோமீட்டர் முறைத்தாளில் கிடையாது. தினமும் காலையில் அந்த அம்மா யாரையாவது பிடித்துக் கேட்பார்: “இன்னிக்கு மட்டும் பிள்ளைய மேல கொண்டு விட்டுருங்க.” இன்னிக்கு மட்டும் என்பது செப்டம்பர்வரை ஓடியது. இதற்கு ஒரு வழி செய்யாவிட்டால் பெண்ணைப் போடி ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் விட்டுவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். சொன்னபோது அழவில்லை. தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்த நிலையில்தான் தில்லி வந்தது.

தில்லியில் தலைமையிடம் வைத்திருக்கும் ஓர் அகில இந்தியப் பெற்றோர் கூட்டமைப்பின் மாவட்ட அமைப்பாளர் காரில் வந்து இறங்கினார். கழுத்தில் நாடா மாட்டிய அடையாள அட்டை. நல்ல மனிதர், மலையாளத்தில் பேசினாலும் எங்களுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். உங்கள் சங்கம் எதனோடு இணைந்தது என்று கேட்டார். எங்கள் தலைவர் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் சபையில் ஆராதனை நடத்துபவர். அவர் நிதானமாக, “இப்போதைக்கு யானையோடதான்” என்றார். அமைப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

சேர்ந்தால் பிள்ளைகளுக்கும் கூட நடக்கும் பெற்றோருக்கும் விபத்துக் காப்பீடு, ஒரு பேனர், எல்லாருக்கும் அடையாள அட்டை. காப்பீடு என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றுலாக்காரர்கள் நிற்கும் இடத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். போன மழைக்காலத்தில் அவர் முறை நாளில், மூடுபனிக்குள் கறுப்பாக ஒரு முதுகைப் பார்த்து ஓடிச் சாக்கடையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பிறகு அந்த முதுகு “அம்மா” என்று கத்தியது. எஸ்டேட் மாடு.

“மாடோ யானையோ, எலும்பு ஒண்ணுதானய்யா” என்பார் கடைக்காரர். “நாளைக்கு இன்னொருத்தருக்குக் கால் போச்சுன்னா யாரு பார்ப்பா?”

அதனால் விஷயம் பெரிதாகிவிட்டது. தில்லியோடு சேர்வதா, தனியாகவே இருப்பதா?

ஜீப் ஓட்டுநர் முதல் நாளே சேர்வதன் பக்கம். அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு ஜீப். ஜீப்பின் முன்கண்ணாடியில் ‘அகில இந்திய’ என்று ஒட்டினால் சோதனைச்சாவடியில் மரியாதை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. “தனியா நிக்கதுன்னா சுயேச்சைல்லா” என்றார் அவர். “சுயேச்சைக்குச் சின்னம் வேணும். நம்ம சின்னம் என்ன?”

இதை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. சின்னம் பற்றி ஐம்பது நிமிடம் பேசினோம். யானை என்றார் ஒருவர். அது ஏற்கெனவே ஒரு கட்சியிடம் இருக்கிறது என்றார் ஓட்டுநர். விசில் என்றார்கள், விசில் ஊதினால் யானை திரும்பிப் பார்க்கும் என்று மறுத்தார் உபதேசியார். குடை ஒருமனதாக வந்தபோது, நாம் தேர்தலில் நிற்கவில்லையே என்று நான் நினைவூட்டினேன். அந்தக் கூட்டத்தின் கடைசிப் பொருள் ‘கடைசி லயம் – கூட்டிச் செல்லுதல்’. நேரமாகிவிட்டதால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த அம்மா பெண்ணைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அமைப்பாளர் விட்டுப்போன நிபந்தனைக் கடிதம் இரண்டு பக்கம், மலையாளத்தில். எங்களில் எல்லாருக்கும் மலையாளம் பேச வரும். பாதிப் பேருக்கு வாசிக்க வராது. தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள். நான் மறுத்தேன். மொழிபெயர்த்தால் அதில் என் கருத்து கலந்துவிடும். அதனால் சொல்லுக்குச் சொல், எழுத்துக்கு எழுத்து, அதே மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பிழை இல்லை என்று இன்றும் சொல்வேன்.

அதில் ஏழாவது நிபந்தனை இப்படி இருந்தது: ‘அங்கத்வம் லபிச்ச சேஷம் ஸ்வந்தமாயி தீருமானமெடுக்கான் அவகாசம் உண்டாயிரிக்குந்நதல்ல.’

உறுப்பினரான பிறகு சொந்தமாகத் தீர்மானம் எடுக்க அவகாசம் இருக்காது. எல்லாரும் வீட்டில் வாசித்துவிட்டு இதே பொருளோடு வந்தார்கள். சேர்ந்துவிட்டால் வேலை அதிகம் போலிருக்கிறது, உட்கார்ந்து முடிவெடுக்க நேரம் கிடைக்காது.

“பெரிய அமைப்புல்லா. ஓட்டமாத்தான் இருக்கும்” என்றார் ஓட்டுநர், பெருமையாக.

“அப்படின்னா எடுக்க வேண்டிய தீர்மானத்தையெல்லாம் இப்பவே எடுத்து வச்சிரணும்” என்றார் உபதேசியார்.

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். நான் புது நோட்டு ஒன்றில் ‘முன்கூட்டிய தீர்மானங்கள்’ என்று தலைப்பெழுதி, சிவப்பு மையில் கோடு போட்டேன். அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகள், பகல் மூன்று மணிக்கு, ஐந்தாம் வகுப்பு அறையில், பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வரப்போகும் காலத்தில் நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் தீர்மானம் போட்டோம்.

மார்ச்வரை முறை யார் யாருக்கு. மழை வந்தால் குடை விரிக்கலாமா. யானை குட்டியோடு வந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது. வெளியூர்க் கார்கள் யானையைப் படமெடுக்க நின்றால் அவர்களை யார் திட்டுவது, எந்த மொழியில். யானை பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டால் தலைமையாசிரியரிடம் யார் சொல்வது. அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தால் சொல்ல வேண்டுமா. பதினெட்டாவது தீர்மானத்தில் ‘யானை வந்தால்’ என்று எழுதுவதா, ‘யானைகள் வந்தால்’ என்று எழுதுவதா என்பதில் கடைக்காரருக்கும் ஓட்டுநருக்கும் பேச்சு முறிந்தது.

“கூட்டமா வந்தா அது பாட்டுக்குப் போயிரும். ஒத்தையா வந்தாத்தான் பயம். ஒருமைல எழுதுங்க சார்” என்றார் ஓட்டுநர்.

“இவரு இலக்கணம் எடுக்க வந்துட்டாரு” என்றார் கடைக்காரர். “ரெண்டு வந்தா தீர்மானம் செல்லாதுன்னு அது கிட்டப் போய்ச் சொல்லுவீங்களா?”

‘யானை(கள்)’ என்று எழுதினேன். இருவரும் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

தேநீருக்கு உளுந்துவடையா, பருப்புவடையா என்பது முப்பத்தாறாவது. அடையாள அட்டைப் புகைப்படத்தில் தொப்பி போடலாமா என்பது முப்பத்தொன்பது. நாற்பத்தொன்றோடு பக்கம் தீர்ந்தது. நாற்பத்திரண்டாவது கடைசி லயம். மூன்று ஞாயிறும் அது கடைசியிலேயே இருந்தது, மூன்று ஞாயிறும் நேரம் போதவில்லை. ஒத்திவைத்ததைப் புதியவற்றுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். மற்றவை குட்டிபோட்டு வளர்ந்துகொண்டே போனதால் அது பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மா என்னிடம் கேட்டார். “சார், யானை பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தா என்ன செய்யணும்னு எழுதிட்டீங்க. எம் பிள்ள வீட்டுக்கு வரதுக்கு எழுதலையா?”

அடுத்த வாரம் அதையே முதல் பொருளாக வைக்கிறேன் என்றேன்.

“அடுத்த வாரம் எந் தங்கச்சி போடிக்காரி வாறா, பிள்ளையக் கூட்டிட்டுப் போக. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு அவளுக்கு நான் சொல்லணும்.”

நான்காவது ஞாயிறு விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாள். மறுநாள் அமைப்பாளர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பேனருக்கு எந்தச் சுவர் என்பதுவரை முடிவாகிவிட்டது. சேர்வது ஏறக்குறைய நிச்சயம். உபதேசியார் பேனாவைத் திறந்தார். நான் தடுத்தேன். கையெழுத்துக்கு முன் கடிதத்தை முழுக்க ஒரு முறை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அதுதான் முறை என்றேன். எல்லாரும் முனகினார்கள். ஓட்டுநர் மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டார்.

என் தமிழ் எழுத்துத் தாளைப் பார்க்காமல் மூலக் கடிதத்தையே எடுத்து, மலையாளத்தை மலையாளமாக, அலுவலகத்தில் வாசிப்பதுபோல வாசித்தேன். ஏழாவதைத் தாண்டி எட்டாவதுக்குப் போகும்போது அந்த அம்மா கையைத் தூக்கினார்.

“சார், அத இன்னொரு தரம் வாசிங்க.”

வாசித்தேன்.

“அவகாசம்னா நேரம் இல்லையே சார்” என்றார். “கூலி கூட்டிக் கேட்டு கம்பெனி கேட்ல வெயில்ல உக்காந்து நாங்க கத்தினோம்லா. ஞங்ஙளுடெ அவகாசம், ஞங்ஙளுடெ அவகாசம்னு. நாங்க என்ன, எங்களுக்கு நேரம் குடுன்னா கத்தினோம்?”

ஓட்டுநர் மேசையிலிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“உரிமை” என்றார் உபதேசியார்.

உரிமைதான். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. எனக்குத் தெரியும். அலுவலகத்தில் வாரம் ஒரு முறையாவது அந்தச் சொல்லை எழுதுகிறேன். எழுத்தை எழுத்தாக மாற்றும்போது எழுத்தைத்தான் பார்த்தேன். மாற்றி முடித்த பிறகு அது தமிழ்ச் சொல்லாகி உட்கார்ந்துகொண்டது. கூட்டத்தில் மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் நானும் தமிழைத்தான் கேட்டேன். சேர்ந்த பிறகு சொந்தமாகத் தீர்மானம் எடுக்க எங்களுக்கு உரிமை இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளாமலே அந்த உரிமையை மூன்று ஞாயிறுகளில் நாற்பத்தொரு முறை பயன்படுத்தி முடித்திருந்தோம்.

“நானும் அந்த கேட்ல கத்தினவன்தான்” என்றார் ஓட்டுநர், யாரிடமும் இல்லாமல். “தாள்ல பார்த்தப்ப தோணல.”

உடனே அமைப்பாளருக்குப் போன் போட்டோம். ஒலிபெருக்கியில் வைத்து மேசை நடுவில் வைத்தேன். பிள்ளைகளை நாங்களே கூட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு தொடரலாமா என்று மலையாளத்தில் கேட்டேன். எந்த நிகழ்ச்சியானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும், குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் என்றார். என்ன நிகழ்ச்சி என்று கேட்டார். யானைக்காக என்றேன்.

“ஆனயோ?” என்றார். குரல் மாறிவிட்டது. “குட்டிகளெ ஆனப்புறத்து கயற்றுந்நுண்டோ?”

பிள்ளைகளை யானைமேல் ஏற்றுகிறோமா என்று கேட்கிறார். இல்லை, யானை தானாக வரும் என்றேன். பாகன் இல்லாமலா என்றார். காட்டு யானைக்குப் பாகன் எப்படி இருப்பான் என்று கடைக்காரர் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். அதற்குப் பிறகு அமைப்பாளர் இன்னும் மரியாதையாகப் பேசினார். யானை சேர்ந்த நிகழ்ச்சிகளுக்குத் தேசியக் குழு பொதுவாக அனுமதி தருவதில்லை, கோயில் எழுந்தருளல் என்றால் தனி விண்ணப்பம் இருக்கிறது, படிவத்தை அனுப்பிவைக்கிறேன் என்றார். அனுமதி வரும்வரை பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டேன். அதுவரை நிகழ்ச்சியை நிறுத்திவைக்கலாமே என்றார்.

போனை வைத்தேன்.

“மூணு மாசம் யானையை நிறுத்தி வைக்கச் சொல்லுதாரு” என்றார் ஓட்டுநர்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. “காப்பீடு போச்சு. அதச் சொல்லுங்க முதல்ல. நாளைக்கே எவனாவது விழுந்தா, என்னை மாதிரி ரெண்டு மாசம் ஒத்தக் கையால டீ ஆத்தணும். சங்கம் ஒரு ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பார்த்துச்சு.”

அது உண்மை. ஆரஞ்சு வாங்கியது நான்.

“காப்பீடு வேண்டாம்னு நான் சொல்லலண்ணே” என்றார் அந்த அம்மா. “நல்லதுதான். ஆனா அவங்ககிட்டக் கேட்டு, அவங்க தில்லிகிட்டக் கேட்டு, பதில் வரவரைக்கும் பிள்ளைங்க கேட்லயே நிக்குமா? என் பிள்ளைக்குன்னு மட்டும் கேக்கல. வளைவு எல்லாருக்கும்தானே.”

வாக்கெடுத்தோம். இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் தனியாகவே இருப்பது என்று கை தூக்கினார்கள். மூன்று பேர் எதற்கும் தூக்கவில்லை. கடைக்காரர் சேர்வதற்குத் தூக்கினார். கட்டு பிரித்த கையைத்தான் தூக்கினார். ஓட்டுநர் இரண்டுக்கும் தூக்கினார். எதில் எழுதட்டும் என்று கேட்டேன். ஸ்டிக்கருக்காக ஒன்று, பிள்ளைகளுக்காக ஒன்று என்றார். அப்படி எழுத இடம் இல்லை என்றேன். பிள்ளைகளிலேயே எழுதுங்க என்றார்.

தனியாக இருப்பது என்று முடிவானதும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்தது. யாரோ தேநீர் சொன்னார்கள். உபதேசியார் ஜெபத்துக்குக் கண்ணை மூடப் போனார். அப்போது அந்த அம்மா எழுந்து நின்றார்.

“இப்ப உரிமை இருக்குல்லா?” என்றார்.

இருக்கிறது என்றேன்.

“அப்ப எடுங்க. நாற்பத்திரண்டு.”

ஒரு மாதமாக, நேரம் இல்லை என்ற காரணம் எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது நேரமும் இருந்தது, உரிமையும் இருந்தது. தில்லியைச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் ஒருவர் மட்டும் நடக்கும் தடம், ஒரே ஒரு பிள்ளைக்காகப் போய்த் தனியாகத் திரும்பி வர வேண்டும். பிரச்சினை போவதில் இல்லை, திரும்பி வருவதில். எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் பயம்தான். வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கே இறங்கிவிடுவேன். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்திருக்கலாம். முறைத்தாளை எடுத்து, கோட்டுக்கு வெளியே புதிதாக ஒரு கட்டம் வரைந்து, வியாழன் என்று எழுதி எதிரில் என் கையெழுத்தைப் போட்டேன். அடிகோல் எடுக்காமல் வரைந்ததால் கோடு நேராக இல்லை. அந்தத் தாளில் நேராக இல்லாத ஒரே கோடு அதுதான்.

ஓட்டுநர் தாளைத் தன் பக்கம் இழுத்துத் திங்கள், செவ்வாய் இரண்டிலும் எழுதினார். “கீழ வரைக்கும் ஜீப்ல, மேல நடந்து. ஆனா ரெண்டு பேராத்தான் போவேன்” என்றார். கடைக்காரரைப் பார்த்தார். பதினெட்டாவது தீர்மானத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

“என்னைப் பார்க்காத” என்றார் கடைக்காரர். பிறகு தாளை எட்டிப் பார்த்து, “புதன் வேணா வாறேன். திங்களும் செவ்வாயும் கடையில கூட்டம், என் தம்பிய அனுப்புதேன்” என்றார். யாரோடு வருவார் என்று கேட்டேன். உங்க மகனோட அம்மாவ அனுப்புங்க, அவங்க தைரியசாலி என்றார். வீட்டில் கேட்காமலே எழுதினேன். அன்று மாலை அதற்குத் தனியாக ஒரு விசாரணை நடந்தது. அது நாட்குறிப்பில் வேறு பக்கம்.

அந்த அம்மா மேசைக்கு வந்து, தாளைத் தன் பக்கம் திருப்பி, நாள் நாளாக விரல் வைத்துப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை காலியா இருக்கே.”

எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். “வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கீழ் லயத்துல வீட்டு ஜெபம் இருக்கும்மா. பல வருசமா நடக்கது.”

“தெரியும்யா” என்றார் அவர். “அத அஞ்சு மணிக்கு மாத்தலாம்லா? நானும் வந்து உக்காருவேன். எடை முடிஞ்சிருக்கும்.”

ஜெபத்தின் நேரத்தை மாற்றச் சொல்லி உபதேசியாரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பள்ளித் திடலில் அந்தப் பெண் தனியாகக் கோடு கிழித்து நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

“மாத்தலாம்” என்றார்.

வெள்ளி என்று எழுதினேன். அந்த அம்மா முந்தானையில் முடிந்துவைத்திருந்த போனை எடுத்து, அறையை விட்டு வெளியே போகாமல் அங்கேயே நின்று தங்கையைக் கூப்பிட்டார்.

“வர வேண்டாம்” என்றார் போனில். “இல்ல, சண்டை ஒண்ணும் இல்ல. பிள்ள இங்கேயே இருக்கட்டும்.”